ரட்ஜ் பைக்கைப் பிரிச்சுப் போட்ட இளைஞர்: ஜி.டி. நாயுடுவும் நம்ம லாங் ரைடும்

உங்க பைக்கோட டூல்கிட் எங்க இருக்குன்னு தெரியுமா? சீட்டுக்கு அடியிலயா, சைடு பேனலுக்கு உள்ளயா? ஒருமுறையாவது அதை வெளிய எடுத்திருக்கீங்களா?

நம்ம காலேஜ் பார்க்கிங்ல நிக்கிற பைக்குகளைப் பாருங்க. சனி ஞாயிறு வந்தா பாதி வண்டி ஈசிஆர்ல பாண்டிச்சேரிக்கோ, ஜிஎஸ்டி ரோட்ல திண்டிவனம் தாண்டி எங்கேயோ போயிட்டு இருக்கும். ஏலகிரி, கொல்லிமலை, அடுத்த செம் லீவுக்கு லடாக்னு பிளான் மட்டும் பெருசா இருக்கும். ஆனா செயின்ல லூப் அடிக்கணும்னாக்கூட தாம்பரத்துல மெக்கானிக் கடை எப்போ திறக்கும்னு கேட்போம். இத்தனைக்கும் நாம எல்லாரும் இன்ஜினியரிங் ஸ்டூடண்ட்ஸ்.

அதனால இந்த மாசம் ஒரு மனுஷரோட கதையைச் சொல்றேன். அவர் ஆரம்பப் பள்ளியைத் தாண்டிப் படிக்கவில்லை. ஆனால் அவர் வாழ்க்கை ஒரு மோட்டார் சைக்கிளில் தொடங்கி, ஓர் இன்ஜினியரிங் காலேஜின் பிரின்சிபால் நாற்காலி வரை போனது. பேர் கோபால்சாமி துரைசாமி நாயுடு. நமக்கு ஜி.டி. நாயுடு.

களங்கல் கிராமத்துப் பையன்

ஜி.டி. நாயுடு பிறந்தது 1893 மார்ச் 23. ஊர், கோயம்புத்தூர் பக்கம் சூலூருக்கு அருகே உள்ள களங்கல். விவசாயக் குடும்பம். அவர் குழந்தையாக இருந்தபோதே அம்மா இறந்துவிட்டார். பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவில்லை. வாத்தியார் மேல் மண்ணை வீசிவிட்டு ஓடிய பையன் என்று அவரைப் பற்றி ஒரு கதை கோவையில் இன்றும் சொல்வார்கள். படிப்பு சீக்கிரமே நின்றுபோனது. தோட்ட வேலைக்கு வந்துவிட்டார்.

அந்தக் காலத்தில் கிராமத்துக்கு மாட்டு வண்டிதான் வண்டி. அப்படிப்பட்ட ஊருக்கு ஒருநாள் ஒரு பிரிட்டிஷ் ரெவின்யூ அதிகாரி மோட்டார் சைக்கிளில் வந்தார். மாடும் இல்லை, குதிரையும் இல்லை, தானாக ஓடுகிற வண்டி. அதைப் பார்த்த இளைஞர் நாயுடுவுக்கு அந்த வண்டி தனக்கு வேண்டும் என்று தோன்றிவிட்டது.

நம்மில் பலருக்கும் ஷோரூம் வாசலில் இதே மாதிரி தோணியிருக்கும். அதுக்கு அப்புறம் அப்பாகிட்ட பேசுவோம், இஎம்ஐ கணக்குப் போடுவோம். நாயுடு என்ன செய்தார் தெரியுமா? ஊரை விட்டுக் கிளம்பி கோயம்புத்தூர் போய், ஒரு ஹோட்டலில் சர்வர் வேலைக்குச் சேர்ந்தார். இலை போட்டு, பரிமாறி, சம்பளத்தைச் செலவு பண்ணாமல் சேர்த்தார். சில வருஷம் கழித்து கையில் 300 ரூபாய் சேர்ந்தது. அந்த அதிகாரியிடமே போய் அதே மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கினார். அது இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரத்தில் தயாரான ரட்ஜ்.

ரட்ஜ்னா என்ன வண்டி?

இங்கே கொஞ்சம் டெக்னிக்கலா பேசணும். ஏன்னா இந்த வண்டியைப் புரிஞ்சுக்கிட்டாதான், நாயுடு செய்தது எவ்வளவு பெரிய விஷயம்னு புரியும்.

1910-களின் தொடக்கத்தில் வந்த ரட்ஜ் வண்டிகளில் ஒரே ஒரு சிலிண்டர். கிட்டத்தட்ட 500 சிசி. இன்ஜினிலிருந்து பின்சக்கரத்துக்குப் பவர் போனது செயினில் இல்லை, பெல்ட்டில். செல்ஃப் ஸ்டார்ட் கிடையாது. பேட்டரியும் கிடையாது. ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் கொடுத்தது மேக்னெட்டோ. ராத்திரியில் ஓட்ட கார்பைடு விளக்கு. இன்ஜினுக்கு ஆயில் தானாகப் போய்ச் சுற்றி வராது. ஓட்டுகிறவரே அவ்வப்போது கையால் பம்ப் அடித்து ஆயிலை உள்ளே அனுப்ப வேண்டும். அனுப்பிய ஆயில் எரிந்தும் ஒழுகியும் போய்விடும். மறந்தால் பிஸ்டன் ஜாம். அதாவது வண்டி ஓட்டத் தெரிந்தால் மட்டும் போதாது. வண்டிக்கு எப்போது என்ன தேவை என்று தெரியாதவர் அதை ஓட்டவே முடியாது.

ரட்ஜ் கம்பெனிக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த மாடல் ‘மல்ட்டி’. இன்ஜின் பக்கத்துப் புல்லியின் அகலத்தை ஒரு லீவரால் கூட்டிக் குறைக்கலாம். அதுக்கேத்த மாதிரி பின்சக்கரப் புல்லியும் மாறும். இதனால் பெல்ட் தளராமலேயே கியர் விகிதம் மாறும். ஏறத்தாழ இருபது நிலைகள். உங்க வீட்டு ஸ்கூட்டர்ல இருக்கிற சிவிடிக்கு இது தாத்தா முறைன்னு வெச்சுக்கலாம். இந்த மாடல்தான் 1914-ல் ஐல் ஆஃப் மேன் சீனியர் டிடி பந்தயத்தில் ஜெயித்தது.

இப்படி ஒரு மெஷின், சில வருஷச் சம்பளம் முழுவதையும் கொடுத்து வாங்கியது. நாமா இருந்தா துணி போட்டு மூடி வெச்சிருப்போம். நாயுடு அதைப் பிரித்தார். நட்டு நட்டாகக் கழற்றி, ஒவ்வொரு பாகமும் என்ன வேலை செய்கிறது என்று பார்த்து, திரும்ப மாட்டினார். வண்டி ஓடியது. அதுதான் அவருக்கு முதல் செமஸ்டரும் கடைசி செமஸ்டரும். அதற்குப் பிறகு மெக்கானிக் வேலை அவருக்குக் கைவந்தது.

இப்போ நம்ம வண்டிக்கு வருவோம்

ரட்ஜை விட நம்ம வண்டி ரொம்ப சுலபம். தாம்பரத்திலிருந்து வண்டலூர், படப்பை வழியா போனா வர்ற ஒரகடத்துல 2013-ல இருந்து ராயல் என்ஃபீல்டு தொழிற்சாலை இருக்கு. 1955-ல திருவொற்றியூர் பக்கம் புல்லட்டோட ஆரம்பிச்ச கதை, இப்போ நம்ம பக்கத்து ஊருக்கு வந்திருக்கு. 2016-ல வந்த ஹிமாலயன் 411-ஐ ஒரு டூரிங் பைக்குக்கு உதாரணமா எடுத்துக்கலாம்.

டூரிங் பைக்குன்னா வேகம் முக்கியம் இல்ல. முதல்ல டேங்க். ஹிமாலயன் 411-ல 15 லிட்டர். லிட்டருக்கு 30 கிலோமீட்டர்னு வெச்சா 450. தாம்பரத்துல ஃபுல் பண்ணா ஏறக்குறைய கோயம்புத்தூர் பக்கத்துலதான் அடுத்த பங்க். ரெண்டாவது, டார்க். 24.5 பிஎச்பின்னு கேட்டா சின்னதா தெரியும். ஆனா 32 நியூட்டன் மீட்டர் டார்க் குறைஞ்ச ஆர்பிஎம்லயே கிடைக்கும். லக்கேஜோட மலை ஏறும்போது அடிக்கடி கியர் குறைக்க வேண்டாம். மூணாவது, உட்காரும் நிலை. முதுகு நேரா இருக்கணும், கை லேசா மடங்கி இருக்கணும். நாலாவது, 220 மில்லிமீட்டர் கிரவுண்ட் கிளியரன்ஸும் 21 இன்ச் முன்சக்கரமும். பள்ளத்துல பெரிய வீல் சிக்காம உருண்டு போயிடும். அதோட, பை கட்ட ரேக், காத்தைத் தடுக்க விண்ட்ஸ்கிரீன்.

இதெல்லாம் கம்பெனி குடுக்குறது. மீதியை நீங்கதான் பார்க்கணும். லாங் ரைடுக்கு முன்னாடி இதை மட்டும் செய்யுங்க:

செயின்: 500 கிலோமீட்டருக்கு ஒருதடவை சுத்தம் பண்ணி லூப் போடுங்க. மழையில ஓட்டினா அன்னைக்கே. மண்ணெண்ணெய் இல்லன்னா செயின் கிளீனர் போதும். ஓ-ரிங் இருக்கிற செயின்ல பெட்ரோலும் கம்பி பிரஷ்ஷும் வேண்டாம், ரப்பர் போயிடும். செயின் எவ்வளவு தளர்வா இருக்கணும்னு மேனுவல்ல மில்லிமீட்டர்ல போட்டிருக்கும். ரொம்ப டைட்டா வெச்சாலும் தப்பு. பின்பக்க சஸ்பென்ஷன் அமுங்கும்போது செயின் இழுபடும், பேரிங் போகும்.

டயர்: காத்தை வண்டி ஓட்டறதுக்கு முன்னாடி, டயர் சூடாகாம இருக்கும்போது செக் பண்ணுங்க. பின்னாடி ஃப்ரெண்டும் பையும் ஏறினா பின் டயருக்குக் கூடுதல் அழுத்தம் வேணும், அதுவும் மேனுவல்ல இருக்கும். ஸ்போக் வீல் வண்டியில பெரும்பாலும் டியூப் இருக்கும். பஞ்சர் ஆனா பிளக் போட முடியாது. ஸ்பேர் டியூப்பும் டயர் லீவரும் எடுத்துட்டுப் போங்க.

ஆயில்: வண்டியை நேரா நிறுத்தி சைட் கிளாஸ்ல பாருங்க, சாய்ச்சு வெச்சுப் பார்த்தா அளவு தப்பாத் தெரியும். ஹிமாலயன் 411-க்கு 15டபிள்யூ-50. கார் ஆயில் ஊத்தாதீங்க. பெரும்பாலான பைக்ல கிளட்ச் அதே ஆயில்லதான் மூழ்கி இருக்கு. காருக்கான ஆயில்ல உராய்வைக் குறைக்கிற பொருள் கலந்திருந்தா கிளட்ச் வழுக்கும். டப்பாவுல ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2-ன்னு இருக்கான்னு பாருங்க.

பிரேக்: பேட் தேஞ்சிருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறினா கொதிநிலை குறையும். ஏற்காடு இறக்கத்துல பிரேக் சூடாகும்போது அந்த ஈரம் ஆவியாகி லீவர் சப்புனு உள்ள போயிடும். அதனாலதான் ரெண்டு வருஷத்துக்கு ஒருதடவை மாத்தச் சொல்றாங்க.

கேபிளும் போல்ட்டும்: கிளட்ச் லீவர்ல கொஞ்சம் ஃப்ரீ பிளே இருக்கணும். ஒரு ஸ்பேர் கேபிள் பையில இருக்கட்டும். சிங்கிள் சிலிண்டர் வண்டி அதிரும். சைலன்சர், ரேக், நம்பர் பிளேட் போல்ட்டை ஒரு சுத்து ஸ்பேனர் போட்டுப் பாருங்க.

ஏர் ஃபில்டர்: டிப்பர் லாரி ஓடுற ஒரகடம், படப்பை ரோட்ல தினமும் வர்றவங்க இதை மேனுவல்ல சொன்னதுக்கு முன்னாடியே திறந்து பாருங்க.

மொத்தம் ஒரு மணி நேரம் ஆகும். இதுல எதுக்கும் டிகிரி வேண்டாம். நாயுடுகிட்டயும் அது இல்ல.

பஸ் முதலாளி ஆனது

வாழ்க்கை நேர்கோட்டில் போகவில்லை. திருப்பூரில் பஞ்சு வியாபாரத்தில் இறங்கினார் நாயுடு. முதல் உலகப் போர் நடந்த காலம், நல்ல லாபம் வந்தது. பெரிதாகச் செய்யலாம் என்று பம்பாய்க்குப் போனார். அங்கே பஞ்சு வியாபாரத்தில் பணத்தை இழந்து ஊர் திரும்பினார்.

அந்த நேரத்தில் அவருக்குக் கை கொடுத்தவர் கோவையின் தொழிலதிபர் ராபர்ட் ஸ்டேன்ஸ். 1920-ல் நாயுடுவிடம் ஒரு பஸ் வந்தது. பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே, உடுமலை வழியாக, தானே டிரைவராக உட்கார்ந்து ஓட்டினார். ஒரு நடை அறுபது கிலோமீட்டருக்கு மேல். அன்றைய சாலை எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்க.

அந்த ஒரு பஸ் வளர்ந்து யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் ஆனது. சுருக்கமாக யுஎம்எஸ். நாட்டிலேயே நன்றாக நடக்கும் பஸ் கம்பெனிகளில் ஒன்று என்று பேர் எடுத்தது. பஸ் தொழிலில் லாபம் எங்கே இருக்கு? டிக்கெட்ல மட்டும் இல்ல. வண்டி வழியில நிக்காம இருக்கிறதுல இருக்கு. நின்னுபோன பஸ் அன்னைக்கு சம்பாதிக்காது, அடுத்த நாள் ஜனமும் அதுல ஏறாது. பராமரிப்பு தெரிந்த ஒருவர் முதலாளியாக இருந்ததுதான் யுஎம்எஸ்ஸின் பலம் என்று நான் நினைக்கிறேன். ரட்ஜ் பைக்கில் கற்றது இங்கே பெரிய அளவில் பயன்பட்டது.

பிரிக்கிற பழக்கம் விடவில்லை

பஸ்ஸோடு அவர் நிற்கவில்லை. 1937-ல் கோவை பீளமேட்டில் இருந்த அவருடைய நேஷனல் எலக்ட்ரிக் ஒர்க்ஸிலிருந்து எலக்ட்ரிக் மோட்டார் வெளிவந்தது. இந்தியாவில் தயாரான முதல் மோட்டார் அது. கோவை ‘மோட்டார் ஊர்’ ஆன கதையில் இது முக்கியமான பக்கம். வெளிநாட்டுப் பயணங்களும் நிறையப் போனார். போன இடமெல்லாம் மெஷின்களைப் பார்த்தார், கேமராவில் படம் பிடித்தார்.

ராசன்ட் என்ற எலக்ட்ரிக் ரேஸர், ரொம்ப மெல்லிய ஷேவிங் பிளேடு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் ஃபேன், தில்லுமுல்லு செய்ய முடியாத ஓட்டுப் பதிவு மெஷின் என்று அவர் பெயரில் உள்ள பட்டியல் நீளம். 1941-ல் ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தயாரிக்க முடியும் என்று அறிவித்தார். விவசாயத்தையும் விடவில்லை. பருத்தியிலும் பப்பாளியிலும் ஆராய்ச்சி செய்தார்.

1952-ல் அவர் தயாரித்தது இரண்டு பேர் உட்காரும் ஒரு பெட்ரோல் கார். விலை 2,000 ரூபாய். அரசாங்கம் லைசென்ஸ் கொடுக்கவில்லை. அது அப்படியே நின்றுபோனது. சாதாரண ஜனம் வாங்கக்கூடிய சின்ன கார் என்ற ஆசை நம் நாட்டில் அதற்குப் பிறகு எத்தனை தடவை திரும்ப வந்தது என்று உங்களுக்கே தெரியும்.

தேர்தலிலும் நின்றிருக்கிறார். 1936-ல் போட்டியிட்டுத் தோற்றார். அவர் தொட்ட எல்லாமே ஜெயித்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. பம்பாய், தேர்தல், கார் என்று தோல்விக் கணக்கும் அவரிடம் உண்டு.

நாலு வருஷம் எதுக்கு?

நமக்கு நேரடியா சம்பந்தப்பட்ட பகுதி இதுதான்.

1944-ல் மோட்டார் தொழிலின் நேரடிப் பொறுப்பிலிருந்து விலகிக் கொண்டார். பணத்தை ஆராய்ச்சி உதவித்தொகைக்கும், தொழிலாளர் நலனுக்கும், கல்விக்கும் திருப்பினார். அவருடைய முயற்சியிலும் நன்கொடையிலும் கோவையில் பாலிடெக்னிக்கும் இன்ஜினியரிங் காலேஜும் வந்தன. அப்போதைய சென்னை கவர்னர் ஆர்தர் ஹோப் பெயர் அவற்றுக்கு வைக்கப்பட்டது. 1945-ல் தொடங்கிய அந்தக் காலேஜ்தான் இன்றைய ஜிசிடி, அதாவது அரசு தொழில்நுட்பக் கல்லூரி. அதன் பிரின்சிபாலாக உட்கார்ந்தவர் நாயுடு.

உட்கார்ந்தவர் கேட்ட கேள்வி, இன்ஜினியரிங் படிப்புக்கு நாலு வருஷம் எதற்கு என்பது. அது நேரத்தை வீணாக்குவது, இரண்டு வருஷம் தாராளம் என்றார். பிரிட்டிஷ் அரசு ஒத்துக்கொள்ளவில்லை. அவர் வேலையை ராஜினாமா செய்துவிட்டு வெளியே வந்துவிட்டார்.

ஃபைனல் இயர்ல இருக்கிற எனக்கு இதைப் படிச்சப்போ முதல்ல சிரிப்பு வந்துச்சு, அப்புறம் கொஞ்சம் உறுத்துச்சு. நாலு வருஷத்தில் மூணே முக்கால் முடிஞ்சாச்சு. நம்ம டிபார்ட்மெண்ட்ல மெக்கானிக்கல் படிச்ச பாதிப் பேர் சோழிங்கநல்லூர்லயோ சிறுசேரியிலயோ ஐடி கம்பெனிக்குப் போகப் போறாங்க. பஸ் ஜன்னல்ல பார்த்தா தெரியுற தூரத்துல இன்ஜின் செய்யற தொழிற்சாலை இருக்கு. ஆனா இன்ஜினைத் திறந்து பார்த்தவங்களை விரல் விட்டு எண்ணிடலாம்.

அதுக்காக நாயுடு சொன்னது முழுக்க சரின்னு நான் சொல்ல மாட்டேன். கார் ஆயில் ஊத்தினா கிளட்ச் ஏன் வழுக்குது, ஈரம் ஏறின பிரேக் ஆயில் ஏன் கைவிடுதுன்னு மேல எழுதினேன்ல, அந்த ‘ஏன்’ எனக்குக் கிளாஸ்லதான் கிடைச்சது. பிரிச்சுப் பார்த்தா பாகம் தெரியும். பாகத்துக்குள்ள நடக்கிறது தெரிய தெர்மோடைனமிக்ஸ் வேணும். நாயுடுவே வாழ்நாள் முழுக்கப் புத்தகம் படித்தவர். அதனால் அவர் சண்டை படிப்போடு இல்லை, கையே படாத படிப்போடு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ரெண்டு வருஷமா நாலு வருஷமாங்கிறது அடுத்த கேள்வி. அந்த நாலு வருஷத்துல ஒரு நட்டையாவது நாமே கழட்டி, நாமே மாட்டினோமாங்கிறதுதான் முதல் கேள்வி. லேப்ல ரெக்கார்டு நோட்டு எழுதினதை இதுல சேர்க்காதீங்க.

மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம்

ஜி.டி. நாயுடு 1974 ஜனவரி 4-ம் தேதி காலமானார். வயது 80. கோவை அவிநாசி சாலையில் அவர் பெயரிலான அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய கார்களுக்கென்று தனியாக ஒரு மியூசியமும் அங்கேயே உண்டு. 2025 அக்டோபரில் அதே அவிநாசி சாலையில் திறந்த 10 கிலோமீட்டர் மேம்பாலத்துக்கும் அவர் பெயர்தான். முன்னூறு ரூபாய்க்கு ஒரு பழைய பைக் வாங்கியவரின் பெயரில் இன்னைக்கு எத்தனை பைக் ஓடுது பாருங்க.

அடுத்த லாங் ரைடு எங்கேன்னு குரூப்ல சண்டை போட்டுட்டு இருந்தா, என் ஓட்டு கோயம்புத்தூருக்கு. தாம்பரத்துல விடிகாலை கிளம்பி, ஜிஎஸ்டி ரோட்ல செங்கல்பட்டு, திண்டிவனம், விழுப்புரம், உளுந்தூர்பேட்டை. அங்க வலதுபக்கம் திரும்பி கள்ளக்குறிச்சி, ஆத்தூர், சேலம். அப்புறம் சங்ககிரி, பெருந்துறை, அவிநாசி. ஏறக்குறைய 480 கிலோமீட்டர். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருதடவை நிறுத்துங்க. உங்களுக்கும் ரெஸ்ட், டயரையும் செயினையும் ஒரு பார்வை பார்த்த மாதிரியும் இருக்கும். ராத்திரி ஓட்ட வேண்டாம். ஹெல்மெட் பின்னாடி உட்கார்றவருக்கும் சேர்த்து.

ஆனா கிளம்பறதுக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் அந்த டூல்கிட்டை எடுங்க. ஹாஸ்டல் பின்னாடி ஒரு பழைய பேப்பரை விரிச்சு, செயின்ல ஆரம்பிங்க. கழட்டறதுக்கு முன்னாடி மொபைல்ல போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க, திரும்ப மாட்ட உதவும். நாயுடுகிட்ட அந்த வசதிகூட இல்ல.